வான்கோழிகள் உங்களைத் தேடிச் சாகவில்லை, அக்கா

என் பிரியமான கற்பகம் அக்காவுக்கு,

நீங்கள் போன பிறகு வந்த முதல் மழைக்காலம் இது. முடிந்துவிட்டது. உங்களிடம் சொல்லியாக வேண்டிய ஒரு செய்தி நெஞ்சை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வேறு யாரிடம் சொன்னாலும், "போனாப் போவுது, வான்கோழிதானே" என்பார்கள். நீங்கள் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

மேனேஜர் செத்துப்போய்விட்டது அக்கா.

அதற்கு அந்தப் பெயரை வைத்தது நீங்கள்தான். தேர்வாய் கண்டிகையில் நான் வேலை செய்யும் கம்பெனியில் மேனேஜர் எப்படி மார்பை நிமிர்த்திக்கொண்டு லைனைச் சுற்றி வருவார் என்று ஒரு நாள் நடந்து காட்டினேன். மறுநாள் காலையில் நம் ஆண் வான்கோழி வாலை விசிறிபோல் விரித்துக்கொண்டு, கோழிகளுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்தது. நொய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். "பாருடி மேகலா, உங்க மேனேஜர் ரவுண்ட்ஸ் வர்றாரு."

சோழவரத்தில் உங்கள் அம்மா வீட்டிலிருந்து வந்த நாட்டுக்கோழிகள், எளாவூர் பக்கம் ரோட்டோரம் கூடையில் வைத்து விற்றவரிடம் நீங்கள் வாங்கிய வான்கோழிகள், எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட இரண்டு வாத்துகள். எல்லாவற்றுக்கும் ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி. "எல்லாம் ஒரே ஊட்டுப் புள்ளைங்க. ஒண்ணா மேயட்டும்" என்பீர்கள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த நாம் இரண்டு பேரும் இருந்ததும் அப்படித்தானே?

அந்தக் காலையை நான் இன்னும் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நீங்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நொய் இறைத்துக்கொண்டிருந்தீர்கள். சோற்று டப்பாவை மறந்துவிட்டு மறுபடி உள்ளே ஓடிய என்னைப் பார்த்து, "பஸ்ஸு போயிடப் போவுது, ஓடு" என்றீர்கள். ஓடினேன். பஸ்ஸில் தூங்கினேன். கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டு லைனில் நின்றேன். சூப்பர்வைசர் வந்து, "உங்க ஊட்டுலேந்து ஆபீசுக்குப் போன் வந்துக்கினே இருக்குது" என்றபோது, மாமியாருக்குத்தான் ஏதோ என்று நினைத்தேன். அவருக்குத்தானே வயது. உங்கள் பெயர் என் நினைவுக்கே வரவில்லை.

மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் வலது கையைப் பிடித்தேன். விரல் இடுக்கில் நொய் ஒட்டியிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உங்கள் மகள் பவானி திருவள்ளூருக்குத் திரும்பிப் போனாள். அதன் பிறகு உங்கள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர், பேசுவதை விட்டுவிட்டார். உங்களைத் தவிர வேறு யாரோடும் அவர் அதிகம் பேசியதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. வயலுக்குப் போவார், வருவார். நீங்கள் நொய் இறைத்த இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சோறு போட்டால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் கோழிகளுக்குக் கொட்டிவிடுவார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாலைந்து நாள் விடாமல் பெய்து ஓய்ந்ததும், இந்த வருஷம் பொரித்த இளம் வான்கோழிகளில் ஒன்று மேயப் போகாமல் சுவரோரம் நின்றது. இறக்கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. கண் மூடியிருந்தது. எச்சம் மஞ்சளாக, மஞ்சள் பொடியைக் கரைத்து ஊற்றியதுபோல் இருந்தது. இரண்டு நாளில் போய்விட்டது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக.

கோழிகளுக்கு எதுவும் இல்லை அக்கா. அதுதான் எங்களைக் கலங்க வைத்தது. உங்கள் செம்மண் நிறக் கோழி, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்திலேயே கிளறிக்கொண்டிருந்தது. வாத்துகள் சேற்றில் கிடந்தன. வான்கோழிகள் மட்டும் செத்துக்கொண்டிருந்தன.

முதலில் சொன்னது எதிர் வீட்டுத் தனலட்சுமி. "வளத்தவ போயிட்டா. அவளத் தேடித் தேடிப் போவுதுங்க." மாமா நிமிர்ந்து பார்த்தார். அத்தனை நாளில் அவர் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்ததை அப்போதுதான் கண்டேன். அன்று முதல் யார் வந்தாலும் அதையே சொன்னார். "அவளத் தேடுதுங்க. வாயில்லாத ஜீவனுக்குத் தெரியுது பாரு."

நானும் நம்பினேன். நம்பப் பிடித்திருந்தது. உங்களோடு கூடவே இருந்த எங்களைவிட ஆழமாக உங்களை யாரோ தேடுகிறார்கள் என்பதில் ஒரு ஆறுதல் இருந்தது. மருந்துக் கடையில் எதையாவது வாங்கி வந்து கொடுக்கட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன்.

"உட்டுடு மேகலா. போறது போவட்டும். அவகிட்டயே போவட்டும்."

அவர் வான்கோழிகளைப் பற்றித்தான் சொன்னாரா? எனக்குப் பயமாக இருந்தது. அன்று அவர் சோற்றைத் தொடவே இல்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அண்ணன் எப்பவும் அப்பிடித்தான், சரியாயிடும்" என்றுவிட்டு ஷிப்ட்டுக்குப் போய்விட்டார்.

மேனேஜர் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். முதல் நாள்கூட வாலை விரித்ததே. விரித்த வால் பாதியிலேயே சரிந்தது, அவ்வளவுதான். கூண்டைத் திறந்தபோது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. முகத்தில் அந்தச் சிவப்பும் நீலமும் போய் ஒரே சாம்பலாக இருந்தது. மாமா மண்வெட்டியைத் தேடினார். புதைக்க வேண்டாம், மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்றேன். எனக்கே ஏன் அவ்வளவு பிடிவாதம் வந்தது என்று தெரியவில்லை. கம்பெனிக்கு லீவு சொன்னேன். வண்டியில் காலடியில் வைக்க மாமா விடவில்லை. கோணிப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.

டாக்டர் ஒரு பெண். சின்ன வயது. கொட்டகைக்குப் பின்னால் சிமெண்டு மேடையில் வைத்து வயிற்றைத் திறந்தார். நான் பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்தேன். ஈரல் முழுக்க வட்ட வட்டமாகத் தழும்பு. ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து, அம்மை போட்டு ஆறியதுபோல் இருந்தது. குடலின் கோடியில் இரண்டு பக்கமும் வீங்கி, உள்ளே மஞ்சளாகக் கட்டி.

"கோழியும் இதுவும் ஒண்ணாவா மேயுது?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டர். ஒரே வாசல்தான்."

"அதான்." கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "கோழி குடல்ல ஒரு சின்னப் புழு இருக்கும். அந்தப் புழுவோட முட்டைக்குள்ள இந்தக் கிருமி இருக்கும். எச்சத்தோட மண்ணுக்கு வரும். மண்புழு தின்னும். மழை பெஞ்சா மண்புழு மேல வருதா, வான்கோழி அதைக் கொத்தும். கோழிக்குப் பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது. வான்கோழிக்கு ஈரலே போயிடும். ரெண்டையும் ஒண்ணா வளர்க்கவே கூடாதும்மா."

'ஒண்ணா மேயட்டும்' என்று நீங்கள் சொல்வது அந்த இடத்தில் கேட்டதுபோல் இருந்தது. யாரும் அதுவரை நமக்குச் சொல்லவில்லையே அக்கா. விற்றவர் சொல்லவில்லை, நம்மிடம் வாங்கிப்போனவர்களும் சொல்லவில்லை. போன வருஷம் இரண்டு குஞ்சு இப்படித்தான் வாடிச் செத்தன. குளிர் தாங்கவில்லை என்று நீங்கள் உங்கள் பழைய புடவையைக் கிழித்துக் கூண்டைச் சுற்றிக் கட்டினீர்கள்.

மாமா அந்த ஈரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "அப்ப இது... அவளத் தேடிச் சாவலையா?"

டாக்டருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கோழிங்க நல்லாத்தானே கீதுங்க டாக்டர்? நல்லாத் தின்னுதுங்க, முட்டையும் வெக்குதுங்க. உள்ள இருக்குறது வெளில ஒண்ணுமே தெரியாதா?" என்று மாமா மறுபடி கேட்டார்.

"தெரியாதுங்க. பார்த்தா நல்லாத்தான் இருக்கும்."

"காலைல நொய் எறைச்சிக்கினு இருந்தா" என்றார் மாமா. "நல்லாத்தான் இருந்தா."

அந்தப் பெண் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு, ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து மாமாவுக்குப் போட்டார். மாமா அழுது முடிக்கும்வரை அந்த மேடைக்குப் பக்கத்திலேயே நின்றார். உங்கள் காரியத்தில்கூட அவர் அழவில்லை அக்கா. அங்கேதான் அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்று கோழிகளைப் பார்த்தார். கோபத்தில் எதையாவது செய்துவிடுவாரோ என்று நான் பக்கத்திலேயே நின்றேன். "இதுங்களுக்குத் தெரியுமா மேகலா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் மாமா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்குது. சோறு கீதா?" என்றார்.

மறுநாளே டிராக்டர் கொட்டகையைக் காலி செய்தார். கோழிகள் கால் வைக்காத சிமெண்டுத் தரை அது ஒன்றுதான். கம்பி வலை அடித்து, மிச்சமிருந்த வான்கோழிகளை அங்கே கொண்டுபோய் விட்டார். டாக்டர் கொடுத்த மருந்தை அவரே ஊட்டினார். கோழிகளுக்கும் வாத்துகளுக்கும் புழு மருந்து கொடுத்தோம். இந்தப் பக்கம் மிதித்த செருப்போடு அந்தப் பக்கம் போனால் எனக்குத் திட்டு விழுகிறது. அங்கே போயும் ஒன்று செத்தது. கிழட்டுப் பெட்டையும் இரண்டு இளசுகளும் பிழைத்துக்கொண்டன. வாசல் மண்ணில் அந்தக் கிருமி வருஷக்கணக்கில் கிடக்குமாம். அதனால் அவற்றுக்கு இனி வாசல் கிடையாது.

எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று உண்டு. நீங்கள் போனது அந்த வான்கோழிகளுக்குத் தெரியவே இல்லை அக்கா. தெரிந்தது எங்களுக்கு மட்டும்தான்.

இதோடு முடியவில்லை. போன வாரம் மாமா என்னையும் என் வீட்டுக்காரரையும் வண்டியேற்றிச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். ஏன் என்று கேட்டதற்கு, "வெளில தெரியாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சில்ல" என்றார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒன்றுமில்லை. எனக்கு நர்ஸ் ஒரு தடவை பிரஷர் பார்த்தார். கையை மாற்றி மறுபடியும் பார்த்தார். "உக்காருங்க. தலை சுத்துதா?" என்றார். இல்லையே என்றேன். காலையில்தான் சமைத்து, துவைத்து, பஸ்ஸுக்கு ஓடுவதுபோல் ஓடி வண்டியேறியிருந்தேன். இவ்வளவு பிரஷரோடு எப்படி நடமாடுகிறீர்கள் என்று கேட்டார். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார். என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. பிரஷரால் இல்லை. அந்த நிமிஷம் நீங்களாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

உங்களுக்கும் இதுதான் இருந்ததா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாராவது உங்கள் கையில் அந்தப் பட்டையைச் சுற்றிப் பார்த்திருந்தால்?

தினமும் மாத்திரை போடுகிறேன். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மாமா வாசல் கேட் பக்கத்தில் நின்று, "போட்டியா?" என்று கேட்கிறார். அவர் பேசுகிறார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூர் போகிறேன், பவானியைப் பார்க்க. முகம் மட்டுமா, உடம்பு வாகும் உங்களுடையதுதான் அவளுக்கு. சுகாதார நிலையத்துக்குக் கூப்பிட்டால், "எனக்கின்னா சித்தி, நல்லாத்தான் கீறேன்" என்பாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் திரும்பி வர மாட்டேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உட்கார வைப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் கொழுந்தன் மனைவி,
பவானியின் சித்தி,
மேகலா