வெள்ளிக்கிழமைக் கேள்வி

29 ஜூலை 1983, வெள்ளி

குசுமா வீட்டுச் சாமான் அறையில் எனக்கும் இவருக்கும் இது நான்காம் நாள். கண்டியில் தமிழர் கடைகள் எரிந்த அன்று வந்து ஒளிந்தோம். குசுமா என்னோடு படிப்பிக்கும் சிங்கள ஆசிரியை. அவளுடைய மகள் நிலூ எங்கள் மாணவி.

வெள்ளிதோறும் பள்ளிக்கூடப் பலகையில் நான் மூன்று குறிப்புகள் எழுதுவேன். மூன்றும் எந்த ஆண்டுக்கு உரியவை என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். "இந்தக் கிழமைக் கேள்வி எங்க, டீச்சர்?" என்று நிலூ இன்று காலை வந்து நின்றாள். மறுக்க மனம் வரவில்லை. எழுதிக் கொடுத்தேன்: வாட்டர்லூ போர். சுரங்கத் தொழிலாளரின் பாதுகாப்பு விளக்கு. கண்டியின் கடைசி அரசன் பிடிபட்டது.

பிள்ளை அதைப் பக்கத்து வீட்டு மாமாவிடம் கேட்கும் என்று நான் நினைக்கவில்லை. முன் அறைக்கு வந்திருந்த அவர் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. பிறகு சிங்களத்தில், "பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்குது. இந்தக் கிழமைக் கேள்வி எப்பிடி வந்தது?" என்றார்.

குசுமா அவரைத் தேத்தண்ணி குடிக்கச் சொன்னாள்.

இவர் என் காதோடு, "படிப்பிக்கிறதை நாலு நாளைக்கு விட ஏலாதோ உமக்கு?" என்றார். அந்த அரசனும் ஒரு வீட்டுக்குள் ஒளிந்திருந்துதான் பிடிபட்டான். அது தெரிந்தும் எழுதினேன், விசரி.

போகும்போது வாசலில் நின்று அந்த மாமா சொன்னது தெளிவாகக் கேட்டது: "1815. சரியோ என்று டீச்சரிட்டக் கேட்டுச் சொல்லு, மகள்."

விடை சரி. நிலூ இன்னும் கேட்க வரவில்லை.