வீட்டுக் கோடாலியும் மொண்ணைக் கோடாலியும்

ஜனவரி 21, புதன்

காலையில் பனி. ஒன்பது மணி வரை மலை தெரியவில்லை. கொடியில் போட்ட துணி மதியம் வரை ஈரம்.

விறகு பிளப்பது பற்றி ஒழுங்காகக் குறித்துவைக்கத் தீர்மானம். இரண்டு கோடாலிகளில் எனக்கு எது சரி என்று தெரிய வேண்டும். எழுத வேண்டியவை:

1. எடை.
2. வாய். மெலிந்தது நல்லதா, தடித்தது நல்லதா.
3. சத்தம். மனைவி சகுந்தலாவுக்குத் (இனி ச.) தொந்தரவு கூடாது. மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம்.
4. மரம். எது பிளக்கும், எது பிளக்காது.
5. என் தோள்பட்டை.

ஏதோ ஒன்றை விட்டிருப்பேன். இரண்டு முறை யோசித்தும் பிடிபடவில்லை.

காரணத்தையும் எழுதிவைக்கிறேன். ச.வை இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி மூன்று வாரம். ச. அதற்குப் பிறகு கேட்டது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமைக் குளியல். தாமிரத் தவலையில் விறகு நெருப்பில் காய்ந்த தண்ணீர். மகன் சென்னையிலிருந்து வந்து கீசர் மாட்டிவிட்டுப் போயிருக்கிறானே என்றேன்.

"கீசர்ல தணல் வருமா?" என்றாள்.

குளித்த தலைக்குச் சாம்பிராணி போடத் தணல் வேண்டும்.

இத்தனை வருடமும் விறகு பிளந்தது அவள்தான். கீழ்பென்னாத்தூரில் நிலத்து வேலை செய்து வளர்ந்தவள். நான் நில அளவைப் பிரிவில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவன். விறகு வண்டி வந்தால் கேட்டைத் திறந்து பிடித்துக்கொள்வேன். என் பங்கு அவ்வளவே.

வீ.கோ.: வீட்டுக் கோடாலி. அவளுடையது. மெல்லிய வாய். பிடியில் அவள் கை பட்ட இடம் மட்டும் வழவழப்பு.
மொ.கோ.: மொண்ணைக் கோடாலி. விறகுத் தொட்டிக் கடை இஸ்மாயில் பாய் இரவல் கொடுத்தது. அவர் வைத்த பெயர்தான். தலையின் ஒரு பக்கம் சம்மட்டி, மறுபக்கம் ஆப்பு போலத் தடித்த வாய். விரலை வைத்து அழுத்தினாலும் வெட்டாது.

காய் நிறுக்கும் தொங்கு தராசில்: வீ.கோ. இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். மொ.கோ. நான்கேகால்.

ஜனவரி 22, வியாழன்

மதியம் இரண்டு மணி. ச. மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கும் நேரம். அவள் அறையின் கொல்லைப்புற ஜன்னலைச் சாத்திவிட்டுத் தொடங்கினேன்.

கிணற்றடியில், அவள் ஜன்னலுக்கு நேரே கிடந்த பெரிய கட்டை. நடுவில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டேன்.
வீ.கோ. – 14 அடி. ஆறு முறை சிக்கிக்கொண்டது. பிளக்கவில்லை.
மொ.கோ. – 11 அடி. எகிறித் திரும்பி வந்தது. பிளக்கவில்லை.
முடிவு: இரண்டு கோடாலியும் பயனில்லை, அல்லது நான் பயனில்லை. இரண்டாவதுதான் இருக்கும்.

சாயங்காலம் பாயிடம் போய்க் கட்டையின் அடையாளம் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டது பெரிய மரியாதை.

"புளியங்கட்டையைப் போய்ப் பிளந்தீங்களா சார்? அது கறிக்கடைக்குப் போறது. அத யாரும் பிளக்கறதில்ல. அது மேல வெச்சுதான் மத்ததப் பிளக்கணும்."

லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "சாரு கோடாலிக்குப் பரீட்சை வெச்சிருக்காரு. கேள்வித்தாளே ராங்கு."

நானும் சிரித்தேன். திரும்பும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கட்டை இருபது வருடமாக அதே இடத்தில் இருக்கிறது. அவள் அதன் மேல் வைத்துத்தான் பிளந்திருக்கிறாள். நான் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

சுண்ணக்கோட்டை ஈரத்துணியால் துடைத்தேன். வெட்டுக்காயம் போகவில்லை.

பாய் சவுக்கும் வேலிகாத்தானும் அனுப்பிவைத்தார். ச.வைத் தங்கச்சி என்றுதான் சொல்வார்; தங்கச்சிக்கு எப்படி இருக்கு என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

நல்ல நாள்.

சவுக்கு, வீ.கோ., ஐந்து துண்டு. சவுக்கு நல்ல மரம், அப்பாவி போலப் பிளந்துகொண்டது. தவலைத் தண்ணீர் காய முக்கால் மணி நேரம்.

செல்வி (காலை எட்டு முதல் மாலை வரை ச.வைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண்) ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தோம். தோளில் சொம்புத் தண்ணீர் விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். எலும்பெல்லாம் தெரிகிறது. நான் தவலையைப் பார்த்துக்கொண்டே ஊற்றினேன்.

சாம்பிராணி. தணல் போதுமான அளவு. தலையணையில் கூந்தலைப் பரப்பிவிட்டாள் செல்வி. பரப்ப அதிகம் இல்லை.

"தண்ணி நல்லா காஞ்சிருக்கு" என்றாள் ச. அதுவே போதும்.

வாங்க வேண்டியவை: டயப்பர், இளநீர், தேங்காயெண்ணெய், செருப்புக்கு வார்.

ஜனவரி 25, ஞாயிறு

முறையான ஒப்பீடு. ஒரே வேலிகாத்தான் கிளையிலிருந்து ஒரே நீளத்தில் ஆறு துண்டு. கோடாலிக்கு மூன்று.

வீ.கோ. – துண்டுக்கு ஒன்பது, பத்து அடி. சிக்கிக்கொள்கிறது. விடுவிக்கத்தான் நேரம் ஜாஸ்தி.
மொ.கோ. – மூன்று அடி. ஒரு துண்டு இரண்டே அடியில். சிக்கவே இல்லை. தூக்குவது மட்டுந்தான் நம் வேலை, மீதியை அதன் எடை பார்த்துக்கொள்கிறது. வெட்டுவது வேறு, பிளப்பது வேறு என்று எழுபத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டேன்.

பட்டியலில் 1, 2, 4 மூன்றிலும் மொ.கோ.வே மேல். 5-இலும் அப்படித்தான், அடி குறைவதால்.

ஆனால் 3, சத்தம். மொ.கோ. விழுந்தால் தரை அதிர்கிறது. சமையலறை அலமாரியில் டம்ளர் நடுங்கியது, போய்ப் பார்த்தேன். வீ.கோ. சத்தம் சின்னது. ஆகவே வீ.கோ.தான். அடிக்கட்டையின் (அந்தப் புளியங்கட்டைதான்) கீழ் கோணிப்பையை மடித்து வைத்தேன். கட்டையைக் கக்கூஸுக்குப் பின்னால், மதில் ஓரம் உருட்டிக்கொண்டு போனேன். நகர்த்த அரை மணி நேரம். வழியெல்லாம் மண்ணில் பள்ளம்.

பக்கத்து மாடியில் குடியிருக்கும் பெண் துணி காயப்போட்டுக்கொண்டே போனில் யாரிடமோ: "இல்லம்மா, கீழ சாரு விறகு பிளக்கறாரு. ஆமா, அவருதான். நானே நம்பல."

ஜனவரி 28, புதன்

தோள்பட்டை வலி. தைலம்.

நான்கு அடிக்கு ஒரு முறை உட்கார்ந்து நோட்டில் குறித்தேன். மூச்சு வாங்குவதை வேறு எப்படி மறைப்பது.

செல்வி கொல்லைக் கதவருகில் வந்து நின்று, "ஐயா, விறகு முடிஞ்சுதானு அம்மா கேக்கறாங்க" என்றாள். இதோ முடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு அப்போதே நிறுத்தினேன். சத்தம் தாங்காமல் கேட்டிருக்கிறாள் பாவம். வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்.

சாத்திய ஜன்னலின் மேல் பழைய கம்பளியையும் மாட்டினேன். இனி ஒரு நாளைக்கு மூன்று துண்டு மட்டும்.

ஜனவரி 30, வெள்ளி

தண்ணீர் காய்ந்துவிட்டது. தவலை விளிம்பில் ஆவி. தூக்கப் போனோம். செல்வி முதுகுக்குக் கீழே கை கொடுத்ததும் ச. ஒரு சத்தம் போட்டாள். அவளிடமிருந்து அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. பிள்ளை பெற்றபோதுகூட.

செல்வி அவளைப் படுக்கவைத்துவிட்டு என்னைக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இனிமே தூக்க வேணாங்கய்யா. துடைச்சு விட்டுடலாம்."

"அடுத்த வாரம்?"

"அடுத்த வாரமும் வேணாங்க."

அந்தத் தண்ணீரிலேயே துணி நனைத்துத் துடைத்தாள். நான் பக்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீதித் தண்ணீர் ஆறும் வரை காத்திருந்து முருங்கைக்கு ஊற்றினேன். தணல் இருந்தது, சாம்பிராணி போட்டேன். தலை குளிக்கவில்லை, ஆனாலும் போட்டேன்.

பிளந்த விறகு 19 துண்டு. மூன்று வெள்ளிக்கிழமைக்கு வரும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பௌர்ணமி. ஊரெல்லாம் கிரிவலக் கூட்டம். பஸ்ஸை எங்கேயோ நிறுத்திவிட்டார்கள், செல்வி ஒன்றரை மணி நேரம் நடந்து வந்தாள். காபி கொடுத்தேன்.

விறகு வேலை இல்லை. நேற்றும் இல்லை. மொ.கோ.வைத் துடைத்து எண்ணெய் தடவிக் கோணியில் சுற்றினேன், திருப்பிக் கொடுக்க. கையில் கொப்புளம் காய்கிறது. அதைப் பார்க்க ஏனோ பிடிக்கவில்லை.

பேப்பர் வாசித்துக் காட்டினேன். கேட்டாளா தெரியவில்லை. வாசல் பக்கம் ஏதாவது சத்தம் வந்தால் மட்டும் கண் திறந்து, "யாரு?" என்கிறாள். யாரும் இல்லை என்கிறேன்.

பகல் முழுக்க அவள் தூங்கவில்லை. வீட்டில் சத்தமே இல்லையே, ஏன் தூக்கம் வரவில்லை என்று யோசித்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

வெயில். லேசான காற்று. அரை டம்ளர் கஞ்சி இறங்கியது.

செல்வி படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது ச. என்னைப் பார்த்து, "விறகு தீந்துடுச்சா?" என்றாள்.

இருக்கிறது, மூன்று வாரத்துக்கு வரும் என்றேன்.

"அப்புறம் ஏன் பிளக்கல?"

குளியல் இல்லையே என்று சொல்ல வாய் வரவில்லை. உனக்குச் சத்தம் தொந்தரவு என்றுதான் நிறுத்தினேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று எழுந்தேன். அப்போது பேசினாள். நடுநடுவே நிறுத்தி நிறுத்தி. இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

"அந்தச் சத்தம் வந்தா நீங்க கொல்லையில இருக்கீங்கனு தெரியும். நின்னுட்டா எண்ணுவேன். முப்பது எண்ணறதுக்குள்ள அடுத்த அடி விழலைன்னா, விழுந்துட்டாரா பாருனு செல்விய அனுப்புவேன்."

"ஆமாங்கய்யா" என்றாள் செல்வி. "ரெண்டு மூணு தபா வந்து எட்டிப் பாத்தேன். நீங்க உக்காந்து நோட்டுல எழுதிட்டு இருந்தீங்க."

புதன்கிழமை விறகு முடிந்ததா என்று கேட்டனுப்பியதும் அதனால்தானாம். சத்தம் நின்றிருந்தது.

ஜன்னலை மூடிக் கம்பளி மாட்டிய பிறகு சரியாகக் கேட்கவில்லை என்றாள். காதை அந்தப் பக்கம் திருப்பிப் படுக்க முடியாதே என்றாள். ஆறு நாள். கழுத்தைத் திருப்ப முடியாதவள், தூங்காமல், கம்பளிக்குப் பின்னால் நான் அடிக்கிறேனா என்று கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். நான் மதிலோரம் அடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு, என்னிடம் இல்லை, செல்வியிடம்: "அவரு பிளக்கறது விறகு பிளக்கற மாதிரியே இருக்காது. யார் வீட்டுக் கதவையோ பயந்து பயந்து தட்டற மாதிரி இருக்கும்."

செல்வி சிரித்தாள். ச.வின் உதடும் கொஞ்சம் அசைந்தது. நான் தண்ணீர் எடுத்துவரும் சாக்கில் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

பிப்ரவரி 4, புதன்

கம்பளியை எடுத்தாயிற்று. ஜன்னல் திறந்தாயிற்று. தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட்டேன். அடிக்கட்டையைத் திரும்ப ஜன்னல் பக்கம் உருட்டி வந்தேன். கோணிப்பையை உருவிப் போட்டேன்.

பாயிடம் போய், மொ.கோ. இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்றேன். எவ்வளவு நாளைக்கு என்று அவர் கேட்கவில்லை. எந்த விறகு அனுப்பட்டும் என்றார். எதைப் பிளக்க ரொம்ப நேரம் ஆகுமோ அது என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு லோடுக்காரரைக் கூப்பிட்டு, கணு ஜாஸ்தியுள்ள வேம்பாகப் பார்த்து எடுத்துவைக்கச் சொன்னார்.

பிப்ரவரி 6, வெள்ளி

காலை பத்து மணி. பனி விலகி மலை முழுசாகத் தெரிகிறது.

தண்ணீர் காய வைக்கவில்லை. துடைக்கக்கூட இன்று வேண்டாம் என்றாள் செல்வி. விறகுக்கு இந்த வீட்டில் இப்போது எந்த வேலையும் இல்லை. வேம்பு, மொ.கோ.

முதல் அடிக்கு ஜன்னல் கம்பி அதிர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. செல்வி ஜன்னலில் வந்து நின்றாள்.

"இப்பப் பரவால்லையாம், பயந்து தட்டற மாதிரி இல்லையாம். அம்மா சொல்லச் சொன்னாங்க."

நடுவில் உட்காரவில்லை. நோட்டு வீட்டுக்குள் இருந்தது. மூச்சு வாங்கும்போது மனதுக்குள் எண்ணினேன், இருபதுக்கு மேல் போகவிடாமல் அடுத்த அடி. தோள் பன்னிரண்டு அடிக்குத் தாங்கியது. பிறகு பிளக்காமல், கோடாலியைப் புரட்டிப் பிடித்து, சம்மட்டிப் பக்கத்தால் வெறும் கட்டையை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தேன். அது தூக்கச் சுலபம். செல்வி மறுபடி வந்து, அம்மா தூங்கிட்டாங்க, கொஞ்சம் உக்காருங்க என்று சொல்லும் வரை.

தூங்கினாள் என்று தெரிந்த பிறகும் நிறுத்தத் துணிவு வரவில்லை. இன்னும் கொஞ்சம் தட்டினேன்.

எண் 3 தவறு. சத்தம் தொந்தரவு என்பது நானாக எழுதிக்கொண்டது. அவளைக் கேட்டு எழுதியதல்ல.