வலை இழுக்கும் கரையில் மேடை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து. மேசை, கோப்பு, தேநீர் எல்லாவற்றிலும் மணல். பொத்துவில் அலுவலகத்து மின்விசிறி இன்றும் சத்தம் மட்டும்.

வேலை: அறுகம்பேயில் அலைச்சறுக்குப் போட்டி முடிந்து ஒரு மாதமாகிறது. அதனால் ஊருக்கு என்ன வந்தது, என்ன போனது என்று மதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டும். திங்களன்று கூட்டம். அடுத்த வருடம் இன்னும் பெரிதாக, அதே இடத்தில் நடத்துவதா என்று அங்கேதான் முடிவு. தந்திருக்கும் தலைப்புகள்: பொருளாதாரம், சுற்றாடல், சமூகம். எழுதுவது நான். போட்டிக் குழுவின் தலைவர் என் மனைவி ஸரீனாவின் காக்கா, அதாவது அண்ணன், நௌபர் மச்சான். அல்லாஹ்தான் காப்பாற்ற வேண்டும்.

நல்லவை (உண்மையாகவே நல்லவை):
- விடுதிகள் நிரம்பின. ஓட்டோக்காரர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை.
- கடற்கரை வீதிக்கு விளக்கு. பொது மலசலகூடம், அதுவும் தண்ணீரோடு.
- கடை போட்ட பெண்கள். ஒருவர்: "வெள்ளக்காரன் எண்ட பராட்டாவுக்கு வரிசையில நிண்டான் சேர், இத எழுதுங்க." எழுதினேன்.

மாலை மச்சானின் அழைப்பு. "மீன்புடிக்கிற ஆக்களெல்லாம் சம்மதம் தந்தவங்க எண்டத முதலாவதா போடு மச்சான்." சரி என்றேன். நாளை கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் போடலாம்.

சவர்க்காரம் வாங்க மறந்தாயிற்று.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் கரை. பார்வையாளர் மேடை இன்னும் அப்படியே நிற்கிறது. இரும்புக் குழாய், பலகை, ஆசனங்களில் காகம். கழற்றி மறுபடி கட்டுவது வீண் வேலையாம். அடுத்த வருடத்துக்கும் ஆகும் என்று விட்டிருக்கிறார்கள்.

அந்த மணல்தான், வலைக்குச் சொந்தக்காரரான தர்மலிங்கம் அண்ணனின் ஆட்கள் கரைவலை இழுக்கும் இடம். தோணியில் கொண்டுபோய் வளைத்துப் போட்ட வலையை, இரண்டு கயிற்றிலும் ஆட்கள் நின்று கரைக்கு இழுக்க வேண்டும். அதற்கு நீளமான வெறும் மணல் வேண்டும், கடலடியில் கல் இருக்கக் கூடாது. போட்டிக்காக இவர்களைத் தெற்கே போகச் சொன்னார்களாம். தெற்கே பாறை. முதல் தடவையே வலை பாறையில் மாட்டி, மீன் சேரும் மடி முழுக்கக் கிழிந்துவிட்டது.

தெற்கில் ஒரு ஓலை வாடி, மீனவர் தங்கும் குடிசை. அதில் தர்மலிங்கம் அண்ணன் மட்டும்.

"சம்மதம் தந்தீங்களாமே அண்ணன்?"

"ஆரு சேர் கேட்டது? எங்களிட்ட ஒருத்தரும் கேக்கல்ல. வந்து நிண்டு, அங்கால போங்க எண்டாங்க. போனம்."

"ஆக்கள் எங்க?"

"மறுகா என்ன செய்யிற? ஒருத்தன் கட்டாருக்கு. ஒருத்தன் கொழும்புக்கு மேசன் வேலைக்கு. மத்தவனுகள் கூலிக்கு வேற கரைக்குப் போயிட்டானுகள். வலை இல்லாம ஆக்கள வெச்சிருக்கேலுமா?" மேடைப் பக்கம் கையைக் காட்டி, "மேடைய எடுத்தா நான் வலையப் பொத்திப் போடுவன். ஆக்களையும் கூப்பிட்டுருவன். மேடை நிண்டா என்னத்தச் சொல்லிக் கூப்பிடுற?"



ஆகஸ்ட் 14, வியாழன்

அப்படியானால் சம்மதம் தந்தது யார்? போட்டிக் குழுச் செயலாளரிடம் கேட்டேன். நல்ல பையன், ஒளிக்காமல் சொன்னான்.

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சி பள்ளியிலதான் சேர் கேட்ட. அண்டைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போறல்லதானே. மீன்புடிக்கிற அவ்வளவு பேரும் இருந்த. எல்லாரும் கைய உசத்தின."

யாரும் சூது செய்யவில்லை, அதுதான் கஷ்டம். வெள்ளிக்கிழமை நம்முடைய தோணி ஒன்றும் இறங்காது, ஆகவே மீனவர் அத்தனை பேரும் ஜும்மாத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் இருப்பார்கள். நம்மில் எவருக்கும் இப்படித்தான் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கும். தர்மலிங்கம் அண்ணன் கோயிலுக்குப் போகிறவர். நம் தோணிகள் கரையில் கிடக்கும் வெள்ளிக்கிழமைதான் அவருக்கு மீன் நன்றாகப் படும், விலையும் கிடைக்கும். பள்ளியில் கை உயர்ந்த நேரம் அவரும் ஆட்களும் அதே மணலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? சமூகம் என்று எழுதி, அடித்து, மறுபடியும் சமூகம் என்றே எழுதினேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கல்முனை. வீடு. ஜும்மா. சோற்றுக்குச் சூடை மீன் ஆணம், நல்ல உறைப்பு.

ஸரீனாவுக்கு அதற்குள் செய்தி வந்துவிட்டது. "காக்காட பேரக் கெடுத்துப் போடாதீங்க. இந்த ஊட்டக் கட்டினது ஆரெண்டு மறந்திராதீங்க."

மறக்கவில்லை. தங்கைக்கு வீடு கட்டுவதற்காக மச்சான் சவூதியில் வெயிலில் கிடந்தவர். அந்த வீட்டில்தான் நான் படுத்து எழும்புகிறேன்.

"கெடுக்கல்ல. நடந்தத எழுதுறன்."

"நடந்த எல்லாத்தையும் எழுதணுமா?"

மகளின் சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். பயமாக இருக்கிறது. அதை அறிக்கையில் போட முடியாது, இங்கே போடலாம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கூட்டம். வடை, தேநீர், நீண்ட வரவேற்புரை.

என் அறிக்கையைப் புரட்டிய மச்சான், "சம்மதம் எங்க? முதலாவதா போடச் சொன்னேனே" என்றார்.

"ஜும்மாவுல கேட்டிருக்கீங்க மச்சான். கரைவலைக்காரர் கோயிலுக்குப் போற ஆக்கள். அவங்கள ஒருத்தரும் கேக்கல்ல."

பின்வரிசையில் யாரோ, "அவனுகள் வந்து சொல்லியிரிக்கலாம்தானே" என்றார்.

மச்சான் தலையைத் தூக்கவில்லை. "எங்க வந்து சொல்லுற? பள்ளிக்கா?"

முடிவு: மேடையை உடனே கழற்றுவது. அடுத்த வருடப் பேச்சு, கரைவலைக்காரரைக் கேட்ட பிறகு. சந்தோஷமாக இருந்தது. ஆனால் மச்சான் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அது வலித்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

காற்று குறைவு. மேடை போய்விட்டது. குழாய்கள் நின்ற குழிகள் மட்டும்.

பார்த்துக்கொண்டு நின்றபோது மச்சான் வந்தார், சொல்லாமல் கொள்ளாமல். "வா, அவரிட்டப் போவம்." இருவரும் தெற்கு வாடிக்கு நடந்தோம்.

மச்சானே தொடங்கினார். "அண்ணன், பிழை எங்கடதான். அடுத்த வருசப் போட்டிக்கு உங்கட சம்மதத்தக் கேட்டு வந்திரிக்கம். எந்த இடம் எண்டு நீங்களே சொல்லுங்க."

தர்மலிங்கம் அண்ணன் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஆரிட்டத் தம்பி கேக்கிறீங்க? கயித்துல நிண்டவனுகளெல்லாம் போயிட்டானுகள். மேடைய எடுத்தாச்சி, வாங்கடா எண்டு கூப்பிட்டன். சீசன் முடியப் போகுது, இனி என்னத்துக்கு எண்டுறானுகள். இப்ப நான் ஒரு ஆள். ஒரு ஆள் ஓம் எண்டா அது வலைட சம்மதமா?"

அறிக்கையில் பிழை எதுவும் இல்லை, பிந்திவிட்டது.

வாடிக்குப் பக்கத்தில் கிழிந்த வலை குவிந்து கிடந்தது. பழைய இடத்து மணலில் கொண்டுபோய் விரித்தால்தான் கிழிசலைத் தைத்துப் பொத்த முடியும். தர்மலிங்கம் அண்ணன் குனிந்து ஒரு மூலையை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"சம்மதம் பிறகு. இப்ப இதில புடிங்க தம்பி."

பிடித்தேன். வலை இவ்வளவு பாரம் என்று தெரியாது. மச்சான் காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.