பங்களா ரோட்டில் நெட்டையண்ணன்

இன்று கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன், உள்ளே நம் நெட்டையண்ணன் இருந்தார். ஆங்கிலப் பத்திரிகைத் தாள், பாதி முகத்தில் கறை. தலை நரைத்துவிட்டது. ஆனாலும் அந்த நீள மூக்கு தப்புமா? "ஏய், இங்க வந்து பாரு புள்ள" என்று பக்கத்து அறையான உன் காம்பராவைப் பார்த்துக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். அங்கே இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. நீ செத்து எட்டு மாதம் ஆகிறது. மனசு கேட்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்க நீ இல்லை என்கிற தைரியமும் ஒரு காரணம்.

அவர் நமக்குக் கிடைத்ததே தற்செயல்தான். சம்பளச் சனிக்கிழமையன்று தமிழ்ப் படம் பார்க்க ஹட்டனுக்குப் போனோம். படப்பெட்டி ரயிலில் வந்து சேரவில்லை என்று ஏதோ அமெரிக்கப் படத்தை ஓட்டினார்கள். பாதிப் பேர் விசிலடித்துவிட்டுப் போனார்கள். நானும் எழுந்தேன். "மழையில நனைஞ்சிக்கிட்டு வந்திருக்கோம், ஒக்காரு. ஆளு நல்லா ஒசரமா இருக்காரு" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய்.

உனக்கும் ஆங்கிலம் தெரியாது, எனக்கும் தெரியாது. திரையில் அவர் வாயசைக்க, நீ தமிழில் வசனம் போட ஆரம்பித்தாய். ஊர்த் தண்ணீரை மறித்து வைத்திருந்த பண்ணைக்காரன் துப்பாக்கியோடு நிற்கிறான். இவர் வெறுங்கையோடு அவன் கேட்டைத் திறந்துகொண்டு போகிறார். "ஏன்டா, ஆத்துத் தண்ணிய நீயா பெத்தே?" என்றாய் நீ. கொட்டகையே கைதட்டியது. அன்றிலிருந்து அவர் நமக்கு நெட்டையண்ணன்.

அதற்கப்புறம் அவர் வாழ்க்கை பொட்டலம் பொட்டலமாக நம்மிடம் வந்தது. நோட்டன் பிரிட்ஜில் கடை வைத்திருந்த நானாதான் சாமான் சுற்றிய தாளை வாசித்துச் சொல்வார். அவருடைய இரண்டாம் கல்யாணம் நமக்கு முதலில் தெரிந்தது. முதல் கல்யாணம் ஒரு வருஷம் கழித்து மிளகாய்த் தாளில் வந்தது. அப்பா இல்லாமல் வளர்ந்து, பழத்தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறித்து, நாடகத்தில் விளக்குப் பிடித்து, பிறகு சினிமாவுக்கு வந்தவர் என்பது அதற்கும் பிறகு பருப்போடு வந்தது. "பழம் பறிச்சவரா? அப்ப நம்ம ஆளுதான்" என்று தேயிலைக் கொழுந்து பறிக்கிற நிரையில் நீ அடித்த தம்பட்டத்தில் மேற்பார்வைக் கண்டாக்கு ஐயாவே திரும்பிப் பார்த்தார்.

ஒருநாள் சீனி சுற்றிய தாளில் அவர் தெருவில் நடந்துகொண்டிருந்தார். முன்னும் பின்னும் கறுப்பு மனிதர்கள், எல்லோரும் கோட்டு போட்டிருந்தார்கள். நானா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்.

"அங்க கறுப்பு ஆக்களுக்கு வெள்ளக்காரன்ட ஹோட்டல்ல ஒக்கார ஏலாதாம். பஸ்லயும் பின்னுக்குத்தானாம். அத மாத்தச் சொல்லி ஊர்வலம் போறாங்க. இவரும் போறாரு."

"இவரு வெள்ளக்காரருதானே நானா? இவருக்கு எதுக்கு?"

"அதுதான் புள்ள செய்தி. சில படக் கம்பெனிக்காரங்க இனி இவர கூப்புடமாட்டோம்னு சொல்லிட்டாங்களாம்."

"ஐயையோ! அவருக்கும் பத்துச்சீட்டா?" என்றாய். தோட்டத்தைவிட்டு விரட்டும்போது நம் கையில் கொடுப்பார்களே, அதைத்தான் சொன்னாய். திரும்பி வரும்போது லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று சொன்னாய்: "அங்கயும் ஒரு பங்களா ரோட்டு இருக்கு போல."

அந்த ரோட்டில் நமக்கு நடக்க அனுமதி இல்லை. தோட்டத்துத் துரையின் பங்களாவைத் தாண்டி அதில் போனால் கால் மணி நேரத்தில் டிஸ்பென்சரி. நாம் ஓடைப் பாதையில் இறங்கி, வழுக்குகிற மரப்பாலத்தைக் கடந்து, ஒரு மலை ஏறி இறங்க வேண்டும். என் முதல் பிள்ளையை அந்தப் பாலத்தில் விழுந்துதான் வயிற்றிலேயே இழந்தேன். அப்போது நான் மறுபடியும் எட்டு மாதம். அடைமழைக் காலம். எனக்கு ராத்தூக்கம் இல்லை என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். "இந்தப் புள்ள பங்களா ரோட்டு வழியாத்தான் போகும்" என்று என் வயிற்றைத் தொட்டுச் சொன்னாய். எனக்குப் பத்துச்சீட்டுப் பயம். உனக்கும் இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரோட்டைக் கேட்கப் பதினொரு பேர் புறப்பட்டோம். "அந்த ஊர்வலப் படத்துல எல்லாரும் நல்லா உடுத்தியிருக்காங்க" என்று நீ சொன்னதால் கல்யாணச் சேலைகள் பெட்டியைவிட்டு வெளியே வந்தன. நம் நிரைக்கார அக்கா ஒருத்தி, "பங்களாவுக்கு வெறுங்கையோடயா போறது?" என்றாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தட்டோடு போய்ப் பழகிய கால்கள் நம்முடையவை. ஒருத்திக்கும் அது தப்பாகப் படவில்லை. வெற்றிலை, எலுமிச்சம்பழம், செவ்வந்தி மாலை எல்லாம் தயார். சண்டைக்குப் போகிறவர்கள் மாலை கட்டிக்கொண்டு போன கதை உலகத்தில் வேறெங்காவது உண்டா?

அதனால்தான் நம்மை யாரும் மறிக்கவில்லை. காவல்காரர் கேட்டைத் திறந்துவிட்டார். நடு ரோட்டில் நடந்தோம். துரைசாணி நம்மைப் பார்த்துச் சிரித்து, நாம் வாய் திறக்கும் முன்னே பிஸ்கட் டின்னோடு சமையல்கார அப்புவை அனுப்பிவிட்டார். பதினொரு கையிலும் பிஸ்கட். எனக்குப் பசி வேறு, தின்றும்விட்டேன். துரை தனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில், "இன்னிக்கி என்னா திருநா?" என்று கேட்டுக்கொண்டே மாலைக்காகக் கழுத்தைத் தாழ்த்தினார்.

நீ மாலையைப் போடவில்லை.

"திருநா இல்லைங்க தொரை. ரோட்டு வேணும்."

"ஏய், மாலைய போட்டுட்டுப் போங்கடி" என்று எப்போதோ பின்னால் வந்து நின்ற கண்டாக்கு ஐயா பல்லைக் கடித்தார். நீ என்னை இழுத்து முன்னால் நிறுத்தினாய். "போன புள்ள ஓடப் பாலத்துல போயிருச்சுங்க. இதயாவது இந்த வழியா கொண்டு போறோம். அதுக்குத்தான் வந்தோம்." மாலை பிடித்த கை அசையவில்லை.

துரைசாணி என் வயிற்றைப் பார்த்தார், பிறகு துரையைப் பார்த்தார். துரை குனிந்த கழுத்தை நிமிர்த்திக்கொண்டார். "நான் யோசிக்கணும்" என்று உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். நீ மாலையை என் கழுத்தில் போட்டாய். வந்த ரோட்டிலேயே திரும்பினோம். வளைவு தாண்டியதும் பதினொரு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கு அங்கேயே வலி கண்டுவிடுமோ என்று பயந்தேன்.

அவர் யோசித்து முடித்தாரா என்பது இன்றுவரை தெரியாது. மறுநாள் காவல்காரர் மறித்தபோது, "தொரைசாணி குடுத்தனுப்பின பிஸ்கட்டு தின்னவங்க அண்ணே நாங்க. நிறுத்தணும்னா உள்ள போயி கேட்டுட்டு வாங்க" என்றாய். அவர் கண்டாக்கைக் கேட்கப் போனார். கண்டாக்குக்குத் துரையைக் கேட்கப் பயம். அந்தப் பயத்தில் ரோடு திறந்தே கிடந்தது. மூன்று வாரத்தில் என்னைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு அந்த வழியாக ஓடினீர்கள். மகள் பிறந்தாள். "மூக்கு நெட்டையண்ணன் மூக்கு" என்று நீ சொன்னதில் என் புருஷனுக்கு ஒரு வாரம் கோபம்.

நீ மூன்று நாள் காய்ச்சலில் போனாய். இவ்வளவு சீக்கிரம் போவாய் என்று நான் நினைக்கவேயில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாடையைத் தூக்கியவர்கள் பழக்கத்தில் ஓடைப் பாதைக்குத் திரும்பினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். நான் நிற்கவில்லை. "பங்களா ரோட்டு!" என்று கத்தினேன். திரும்பினார்கள். பங்களாவுக்கு முன்னால் வந்ததும் தப்புப் பறைச் சத்தம் நின்றது. கல்யாணமானாலும் சாவானாலும் அந்த இடத்தில் தப்பு அடிப்பதில்லை. தப்புக்கார அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "அடிங்கண்ணே" என்றேன். அடித்தார். பங்களா ஜன்னல் ஒன்று திறந்தது, யாரும் மறிக்க வரவில்லை.

மகளுக்கு இப்போது மூன்று வயது. அவளைக் கூட்டிக்கொண்டு அந்த ரோட்டில் போகும்போது கேட்டைக் கண்டதும் என் கால்கள் தாமாக ஓரத்துக்கு ஒதுங்கிவிடுகின்றன. அந்தப் பயம் என்னைவிட்டுப் போகவில்லை, உன்னிடம் மறைப்பானேன். அவள் நடுவில்தான் நடப்பாள். "அம்மா, இங்கிட்டு வா" என்று கையைப் பிடித்து இழுப்பாள். நானும் நடுவுக்குப் போய்விடுகிறேன்.