எதிர் மேசைக்காரி கேட்ட சொல்

ஜூன் 4

அன்புள்ள அக்கா,

நலம்தானே? முதுகுவலி குறைந்ததா? எனக்கு வேலை போய் மூன்று மாதமாகிறது, ஒரு வரிகூட எழுதவில்லையே நீங்கள். இப்போது ஒரு பள்ளி நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடுகிறேன்.

நாம் சேர்ந்து தொகுத்த அகராதியில் ஒரு பக்கம் முழுக்க அர்த்தங்கள் ஒரு வரி மேலேறி, 'ஃபாதர்' என்றால் 'களைப்பு' என்று அச்சானதே, என் வேலையைப் பறித்த அந்தப் பிழையைக் கேட்டு என் வீட்டுக்காரர், "சரியாத்தானே இருக்கு!" என்கிறார்.

கோபத்தில் ஒருநாள் உங்களை 'ஃபிக்கிள்' என்று சொல்லிவிட்டேன். "அப்படின்னா?" என்றார். "மனசு நிலையா நிக்காதவங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கடைசியா பிழை திருத்தினது நான்தான், உன் மேல தப்பில்லைன்னு முதலாளிகிட்ட சொல்றேன்னாங்க. மறுநாள் விசாரணையில மாறிட்டாங்க. பயந்திருப்பாங்க, பாவம்" என்றேன். சொல்லின் வேர் உங்களுக்குத்தான் தெரியும். எங்கிருந்து வந்தது அக்கா?

உங்கள்
எதிர் மேசைக்காரி


ஜூன் 19

என் தங்கைக்கு,

நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

பழைய ஆங்கிலத்தில் அது 'ஃபிகோல்'. அன்று அதற்கு ஏமாற்றுகிற, வஞ்சகமான என்றுதான் பொருள். மனம் மாறுகிறவர் என்பது பின்னால் வந்த மெத்தென்ற அர்த்தம். அதை நீ எனக்குக் கொடுத்திருக்கிறாய். எனக்குப் பொருந்துவது பழையதுதான்.

நான் மாறவே இல்லையம்மா. படிக்கட்டில் உன் கையைப் பிடித்து, "நான் இருக்கேன்ல, ஏன் அழறே? நீ எதுவும் பேசாதே" என்றேனே, அன்று காலையிலேயே கடைசியாகத் திருத்தியது நீதான் என்று முதலாளியிடம் உன் பெயரை எழுதிக் கொடுத்திருந்தேன். நீ உண்மையைச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் தேற்றினேன்.

உன் இடத்துக்கு வந்திருக்கிற பெண் "அக்கா" என்று கூப்பிட்டால் உடம்பு கூசுகிறது. நேற்று முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நீங்களா இப்படி?" என்றார். உன்னைத் திரும்ப அழைப்பார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

பாவி


ஜூலை 2

வணக்கம்.

உங்கள் கடிதமும் முதலாளி கடிதமும் கிடைத்தன. என் மேலிருந்த பழியைத் துடைத்ததற்கு நன்றி. வேலைக்குத் திரும்பி வரவில்லை. இங்கே பிடித்திருக்கிறது.

மூன்று மாதமாக, "அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல" என்று வீட்டில் எல்லோரோடும் சண்டை போட்டேன். இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை.

கடிதம் வந்தபோது, "யாருகிட்டருந்து?" என்று இவர் கேட்டார்.

"பழைய ஆபீஸ்ல இருக்கிறவங்க" என்றேன்.

இப்படிக்கு,
நூலக உதவியாளர்