ஹரோவில் ஒரு வீடு, பின்னால் பச்சை

புதன், ஏப்ரல் 9
காலையில் தூறல், பிறகு வெயில். ஹரோ வீட்டை இரண்டாம் தரம் பார்த்தோம். சரோவுக்குப் பிடித்துவிட்டது.

ஸ்டேஷனுக்கு எட்டு நிமிட நடை. மெட்ரோபொலிட்டன் லைன் ரயில் ஏறினால் நேரே நகரம். முன்பக்கம் கூப்பிடு தூரத்தில் ஒரு பெரிய பார்க். மேல்மாடி ஜன்னலைத் திறந்தால் பின்பக்கம் முழுக்கப் பச்சை, வரிசையாக மரங்கள்.

"மிச்சம் டவுனில எங்கட கடையில இருந்து இவ்வளவு காலமும் பஸ்ஸைத்தானே பாத்துக்கொண்டு இருந்தம்," என்றாள் சரோ. கடையை விற்றாயிற்று. இனி எங்கேயும் இருக்கலாம். ஏன் ஹரோ என்று கேட்பவர்களுக்கு இந்த வசதிகளைத்தான் சொல்கிறேன். பொய்யில்லை. காரணமும் அதுவல்ல.

அந்த மரங்களுக்கு அப்பால் சுடலை. எங்கள் முதல் பிள்ளை அங்கேதான். சரோவுக்குத் தெரியாது.

வியாழன், 10
முதுகுவலி. மாத்திரை, பால், வெண்டிக்காய். லோயருக்குப் போன்.

அந்த முதல் பிள்ளை ஒரு நாள்தான் இருந்தான். பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் எங்கள் முறை. பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, அதுவும் முறை. சரோ ஆஸ்பத்திரிக் கட்டிலில். நானும் வாடகை வீட்டில் பக்கத்து அறையில் இருந்த ஒருவனும் பெட்டியைக் கொண்டுபோனோம். திரும்பி வந்து, "எல்லாம் முடிஞ்சுது. எங்கை எண்டு கேளாதையும்," என்றேன். அவளுக்கு நல்லது என்றுதான் நினைத்தேன், மடையன். அவள் கேட்கவேயில்லை.

மிச்சம் டவுனுக்கு மாறிய பிறகும் மாதம் ஒரு தரம் சுடலைக்கு வந்தேன். கடைக்குச் சாமான் எடுக்க கேஷ் அண்ட் கேரிக்கு என்று சொல்லி கடை வானை எடுப்பேன்.

வெள்ளி, 11
மகள் போன். "அப்பா, மேப்பைப் பாத்தனீங்களா? பின்னுக்கு இருக்கிறது பார்க் இல்லை, செமட்ரி. அம்மாக்குச் சொல்லிட்டீங்களா?"
"இல்லைப் பிள்ளை."
"அம்மா நோ எண்டுதான் சொல்லுவா."

திங்கள் கையெழுத்து. சொல்லாமல் வாங்கினால் நான் மனிதனில்லை. சொன்னால் வீடு போகட்டும், அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? பயம். வேறு சொல் இல்லை.

சனி, 12
மழை. இரண்டு தரம் சொல்ல வாயெடுத்தேன். "தேத்தண்ணி வேணுமே?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அவ்வளவுதான்.

ஞாயிறு, 13
நல்ல வெயில். சுடலை வாசலில் காரை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சரோ கதவைத் திறந்து இறங்கினாள். முறையாவது ஒன்றாவது, எனக்கு முன்னே நடந்தாள்.

கல்லைக் காட்டினேன். புல்லில் குந்தியிருந்து அதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பிள்ளையைத் தனிய விட்டிட்டியளே?"

"இல்லையப்பா. நான் மாதம் தவறாமல் வந்தனான்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்ப தனிய இருந்தது நான்தான்."