படகுக்கு ஓர் எலுமிச்சம்பழம்

சனிக்கிழமை இரவு, மெர்சிங்

மகள் தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். செய்தி வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஊர் அழகுதான். பின்னால் பச்சை மலை, முன்னால் கடல், நடுவில் சின்னத் துறைமுகம். டைவிங் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் பெண்ணை அனுப்ப வந்தவனுக்குக் கடல் அழகாகவா தெரியும்? அவ்வளவு ஆழத்தில் ஏதாவது... வேண்டாம், எழுத மாட்டேன்.

காலையில் கூலாயில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே என் மனைவி மல்லிகா கார் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினாள். படகுத்துறையில் கைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள்.

"என்னாங்க, படகுக்கு இத எங்க வைக்கிறது?"

"படகுக்கு ஏது சக்கரம்? பைக்குள்ள போடு" என்று எரிந்து விழுந்தேன்.

"அம்மா, மாலு லா, வெக்கமா இருக்கு, எல்லாரும் பாக்குறாங்க" என்று மகள் முகத்தை மூடிக்கொண்டாள்.

மலாய்க்காரப் படகோட்டி மட்டும் சிரிக்கவில்லை. மல்லிகா மலாயில் விளக்கியதைக் கேட்டுவிட்டு, "போலே, போலே", செய்யலாம் என்று தலையாட்டிப் பழத்தை வாங்கினார். படகு இடிபடாமலிருக்க அதன் ஓரமெல்லாம் பழைய கார் டயர்கள் தொங்கின. ஒரு டயருக்கும் துறையின் தூணுக்கும் நடுவே பழத்தைச் செருகினார். அலை படகைத் தள்ளியது. பழம் நசுங்கியது. மகளே கைதட்டிவிட்டாள்.

விடுதி அறையில் பார்த்தால் மல்லிகாவின் பையில் இன்னும் ஒரு பழம்.

"இது எதுக்கு?"

"அவ திரும்பி வர்ற படகுக்கு."

இப்போது அவள் தூங்குகிறாள். பழம் வாடிவிடக் கூடாதே என்று நான்தான் எழுந்துபோய் அதை ஐஸ்பெட்டியில் வைத்தேன்.